முகத்தை எத்தனை வருஷத்துக்குக் கொடுப்பது?

எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளை மாநிலப் போட்டியில் பதக்கம் வாங்கினால், அது ஊர் திரும்புவதற்குள் ஃப்ளெக்ஸ் பேனர் ஏறிவிடும். நடுவில் பிள்ளையின் படம், மேலே தலைவர்கள், கீழே வாழ்த்துகிறவர்களின் முகங்கள், ஓரத்தில் ஒரு டியூஷன் சென்டரின் போன் நம்பர். அந்த வாரமே அதே படம் ஏதோ ஒரு ஜிம்மின் இன்ஸ்டாகிராம் பக்கத்துக்குப் போகும். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்குக் காவடி எடுத்து வரும் கூட்டத்தை நம்பி ஜவுளிக்கடை வைக்கும் போர்டிலும் வந்து நிற்கும். யாரும் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். கேட்க வேண்டும் என்பது பிள்ளைக்கும் தெரியாது. பெற்றவர்களுக்கோ பெருமை தாங்காது.

நான் மணவூர்க்காரி. திருத்தணி கோர்ட்டில் வக்கீல். பாகப்பிரிவினை, செக் கேஸ், விபத்து இழப்பீடு, இவைதான் எனக்குச் சோறு போடுகிறவை. பள்ளிக்கூடத்தில் கோ-கோ ஆடியவள் என்ற பழக்கத்தில், தெரிந்த பி.டி. சார் ஒருவர் ஒரு மாணவியையும் அவள் அம்மாவையும் கையில் ஒரு ஒப்பந்தத்தோடு என்னிடம் அனுப்பினார். அப்படி ஆரம்பித்தது இந்த வேலை. இப்போது குறுவட்டப் போட்டி, மாவட்டப் போட்டி முடிந்து மாநிலத்துக்கு ஆள் எடுக்கும் காலம் வந்தால், சாயங்காலங்களில் என் வீட்டுத் திண்ணையில் ஷூ போட்ட கால்கள் வரிசையாகத் தொங்கும். பீஸ் வாங்குவதில்லை. பதினைந்து வயதுப் பிள்ளை தன் பேரைப் பற்றி எழுதியிருப்பதைத் தானே படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது மட்டும்தான் என் நிபந்தனை.

அமெரிக்காவில் இதற்கென்று ஒரு துறையே வளர்ந்து நிற்கிறது. அங்கே கல்லூரி விளையாட்டு கோடிகோடியாகச் சம்பாதித்தது. ஆடுகிற பிள்ளைக்கு உதவித்தொகைக்கு மேல் ஒரு டாலர்கூட வாங்கத் தடை இருந்தது. எட் ஓ'பேனன் என்ற முன்னாள் கூடைப்பந்து வீரர், தன்னைப் போலவே ஒரு உருவம் வீடியோ கேமில் ஆடுவதைப் பார்த்து, 2009-ல் வழக்குப் போட்டார். அதற்குப் பிறகு எத்தனையோ வழக்குகள், மாநிலச் சட்டங்கள். கடைசியில் 2021 ஜூலை 1 முதல், தங்கள் பேரையும் படத்தையும் வைத்துக் கல்லூரி வீரர்கள் பணம் வாங்கலாம் என்று ஆனது. பின்னாலேயே பெரும்பாலான மாநிலங்கள் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அனுமதி கொடுத்தன. அந்தப் பிள்ளைகளுக்கு ஒப்பந்தத்தைப் படித்துக் காட்டுவதற்கென்றே அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு அப்படி யாரும் இல்லை. ஆனால் ஒப்பந்தம் மட்டும் வந்துவிட்டது. இதுதான் என்னை உறுத்துகிற விஷயம்.

“அதெல்லாம் அமெரிக்காக்காரன் சட்டம், வக்கீலம்மா” என்று சொல்கிற அப்பாக்கள் உண்டு. அவர்களுக்கு நான் 1994-ஐச் சொல்வேன். தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை ‘நக்கீரன்’ வெளியிடலாமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு. பத்திரிகைச் சுதந்திரத்துக்காக எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கும் தீர்ப்பு அது. அந்தத் தீர்ப்பிலேயே அந்தரங்க உரிமையை விளக்கும் இடத்தில், ஒருவருடைய பேரையோ உருவத்தையோ அவர் சம்மதமில்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்த உரிமையை மீறுவது என்று எழுதியிருக்கிறது. ஒரு தமிழ் வாரப் பத்திரிகையின் வழக்கிலிருந்து வந்த வரி. பையன்கள் இதற்கெல்லாம் அசைய மாட்டார்கள். அவர்களுக்கு 2015-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரஜினிகாந்த் வாங்கிய தடை உத்தரவைச் சொல்ல வேண்டும். தன் பேர், உருவம், பேசும் பாணி எதையும் தன் அனுமதியில்லாமல் ஒரு இந்திப் படம் எடுத்தாளக் கூடாது என்று போய் நின்றார், கிடைத்தது. இதைச் சொன்னதும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

வாழ்த்து விளம்பரமும் விளம்பரம்தான் என்பதைப் புரியவைக்க பாட்மிண்டன் வீராங்கனை பி.வி. சிந்து உதவுகிறார். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் அவர் வெண்கலம் வாங்கிய கையோடு, அவருக்கு ஒரு பைசா கொடுத்திராத பிராண்டுகள் தங்கள் லோகோவோடு அவர் படத்தைப் போட்டு வாழ்த்துச் சொன்னன. அவருடைய விஷயங்களைப் பார்த்துக்கொள்ளும் நிறுவனம் நோட்டீஸ் அனுப்பியது. சிந்துவுக்கு நிறுவனம் இருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைக்கு பி.டி. சார் இருக்கிறார்.

இனி, இந்த வேலையின் முடிச்சு எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன்.

1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டப்படி, ஒப்பந்தம் செய்ய வயது வந்திருக்க வேண்டும், வயது 18. மைனர் செய்த ஒப்பந்தம் அடியோடு செல்லாது என்று 1903-ல் மோஹரி பீபி வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்த்துவிட்டது. இன்றைக்கும் அதுதான் சட்டம். இதைக் கேட்டதும் பெற்றோருக்கு ஒரு தைரியம் வரும்: “அப்ப என்ன எழுதியிருந்தாலும் பரவாயில்லையே, கையெழுத்துப் போட்டுட்டுப் போகலாமே?” அந்த இடத்தில்தான் நான் ராஜ் ராணியின் கதையைச் சொல்வேன். மைனர் பெண். அவள் சார்பில் அவள் அப்பா ஒரு திரைப்படத் தயாரிப்பாளரோடு ஒப்பந்தம் போட்டார். தயாரிப்பாளர் அவளுக்கான வேஷத்தை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்தை முறித்தார். நஷ்டஈடு கேட்டு பம்பாய் உயர் நீதிமன்றம் போனார்கள். தீர்ப்பு இதுதான்: பெண் மைனர், நடிப்பதாக அவள் கொடுத்த வாக்குக்குச் சட்டத்தில் மதிப்பில்லை, ஆகவே அவளும் வழக்குப் போட முடியாது, அவள் அப்பாவும் முடியாது.

பிள்ளையைக் காப்பாற்றுகிற அதே சட்டம் கடைக்காரரையும் கட்டாமல் விட்டுவிடுகிறது. நாளைக்குப் பையன் ஆட மாட்டேன் என்றால் அவனை இழுத்துப்போக முடியாது, உண்மை. ஆனால் “அடுத்த வருஷம் மூன்று தவணையில் தருகிறோம்” என்று எழுதியிருக்கும் பணம் வரவில்லை என்றாலும், வாங்கித் தரக் கோர்ட்டை நம்ப முடியாது. முத்திரைத்தாளில் எழுதியிருந்தால் எல்லாம் கெட்டி என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. எத்தனை ரூபாய்ப் பத்திரத்தில் எழுதினாலும் மைனரின் வாக்கு மைனரின் வாக்குதான்.

அதனால் நான் சொல்லும் முறை எளிமையானது: பணம் முதலில், படம் பிறகு. பிள்ளை எதிர்காலத்தில் செய்யப்போகும் வேலைக்கு ஒப்பந்தம் போடாதீர்கள். எடுத்து முடித்த இன்னின்ன படங்களை, இன்ன இடத்தில், இத்தனை மாதம் போட்டுக்கொள்ளலாம் என்று கார்டியன் அனுமதி கொடுப்பதாக எழுதுங்கள். பணம் கைக்கு வந்த அன்று அனுமதி தொடங்கட்டும். அரைப் பக்கம் போதும். அரைப் பக்கத்துக்கு ஒத்துக்கொள்ளாத கடைக்காரர் ஏழு பக்கத்தில் எதையோ ஒளித்து வைத்திருக்கிறார் என்பது என் முடிவு.

ஏழு பக்கம் என்று சும்மா சொல்லவில்லை. சென்னையில் இருக்கும் ஒரு தனியார் அகாடமி, இங்கே பக்கத்துக் கிராமத்துப் பெண் ஒருத்தியை இலவசப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பிய தாள் அது. ஈட்டி எறிகிறவள். அம்மா கரும்பு வெட்டப் போகிறவர். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ். அப்பா லாரி ஓட்டி வடக்கே போனவர், மாதக்கணக்கில் வரமாட்டார். தாள் முழுக்க ஆங்கிலம். நான் ஒரு வரி ஆங்கிலத்தில் படிக்க வேண்டும், அதைத் தமிழில் சொல்ல வேண்டும், பெண் அதைத் தெலுங்கில் அம்மாவுக்குச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. தன் ஒப்பந்தத்தைத் தன் வாயால் அம்மாவுக்கு விளக்குகிற பிள்ளை அதை மறக்க மாட்டாள். பயிற்சி, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் ஒன்றரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. நாலாம் பக்கத்தில் படம். அவள் பேர், படம், குரல், கையெழுத்து, வாழ்க்கைக் குறிப்பு ஆகியவற்றை, இப்போது இருக்கும், இனி கண்டுபிடிக்கப்போகும் எல்லா ஊடகங்களிலும், உலகம் முழுவதும், நிரந்தரமாக, திரும்பப் பெற முடியாதபடி அகாடமிக்கு அளிப்பதாக ஒரே வாக்கியம். அதை நான் நாலு துண்டாக உடைத்துச் சொன்னேன். அவள் தெலுங்கில் சொல்லிக்கொண்டே வந்து, ‘நிரந்தரமாக’ என்ற இடத்தில் நிறுத்தினாள்.

“நிரந்தரம்னா எவ்ளோ நாள், வக்கீலம்மா?”

“நீ பாட்டி ஆனப்புறமும்.”

“நான் ஈட்டி எறியறதை விட்டுட்டா?”

“அப்பவும்.”

அம்மா அதுவரை பேசவில்லை. “கல்யாணம் ஆகிப் போனப்புறம் மாமியார் வீட்டுல கேப்பாங்களே” என்று மட்டும் சொன்னார். எனக்குத் தோன்றாத கோணம். அதன்பிறகு எந்தப் பெண் பிள்ளையின் தாளைப் படித்தாலும் அந்தக் கேள்வியைச் சேர்த்தே படிக்கிறேன். ஆறாம் பக்கத்தில் இன்னொன்று: பத்து வருஷத்துக்கு விளம்பரம், பரிசு எதிலிருந்து பணம் வந்தாலும் நூற்றுக்கு இருபது அகாடமிக்கு. நாங்கள் பயிற்சிப் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, படத்துக்கு ஒரு வருஷம், அகாடமியின் சொந்த இணையதளத்தில் மட்டும், பங்கு கிடையாது என்று திருத்தி அனுப்பினோம். அங்கிருந்து பதிலே வரவில்லை. பெண் இப்போது அரசு விளையாட்டு விடுதியில் இருக்கிறாள்.

பங்கு கேட்கிற ஒப்பந்தம் எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. ஜெர்வான் டெக்ஸ்டர் என்ற கால்பந்து வீரர், அவர்கள் ஆடும் அமெரிக்கக் கால்பந்து, 2022-ல் கல்லூரியில் இருக்கும்போது ஒரு நிறுவனத்திடம் 4,36,485 டாலர் வாங்கினார். பதிலுக்கு, தொழில்முறை ஆட்டத்தில் வரும் வருமானத்தில், வரி கழிப்பதற்கு முன்பே, நூற்றுக்கு 15, இருபத்தைந்து வருஷத்துக்கு. ஆட்ட வாழ்க்கையே சராசரியாக மூன்று நாலு வருஷம் நீடிக்கும் விளையாட்டு அது. 2023-ல் அவர் வழக்குப் போட வேண்டி வந்தது. இந்தக் கணக்கைப் பிள்ளைகளை வைத்தே போடச் சொல்வேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு நூற்றுக்குப் பதினைந்து தெரியும். இருபத்தைந்து வருஷம் என்றால் தனக்கு என்ன வயது இருக்கும் என்று விரலில் எண்ணும்போது முகம் மாறும்.

தொகையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். காலத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எனக்கு ஒரே ஒரு கேள்விதான் கேட்க அனுமதி என்றால், “எத்தனை வருஷம்?” என்பதைத்தான் கேட்பேன். பள்ளிப் படிப்பு முடிகிற நாளைத் தாண்டி ஒரு நாளும் போகக் கூடாது.

அதற்கு எங்கள் ஊர்க் காரணமும் ஒன்று உண்டு. மணவூர், திருவாலங்காடு, அரக்கோணம் பக்கத்துப் பிள்ளைகள் ரயிலைப் பார்த்து வளர்ந்தவர்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயில், பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில், போலீஸில் சேர்வதுதான் பெரும்பாலோரின் கனவு. தமிழக அரசுப் பணியிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் இருக்கிறது. அரசு வேலைக்குப் போய்விட்டால் நடத்தை விதிகள் வந்துவிடும். மேலிடத்து அனுமதி இல்லாமல் தனியாக வியாபாரம், வருமானம் என்று எதிலும் இருக்க முடியாது. பதினாறு வயதில் அப்பா போட்ட அஞ்சு வருஷ விளம்பர ஒப்பந்தம், பத்தொன்பது வயதில் வேலையில் சேரும் நாளில் குறுக்கே நிற்கும். ஒரு ஷூ கடையின் வாழ்த்துப் பலகைக்காக ஐ.சி.எஃப். வேலைக்கு விளக்கம் எழுதிக்கொண்டு அலைய வேண்டுமா?

யார் கையெழுத்துப் போடுவது என்பதில் ஒரு வேடிக்கையான பிடிவாதம் கம்பெனிகளுக்கு. அப்பாதான் வேண்டும் என்பார்கள். அப்பா வெளியூர், அல்லது விட்டுப்போனவர் என்றால் வேலை நின்றுவிடும். இந்துக்களைப் பொறுத்தவரை 1956 சட்டம் இயற்கைக் காப்பாளர் அப்பா, அவருக்குப் பின் அம்மா என்றுதான் சொல்கிறது. ஆனால் எழுத்தாளர் கீதா ஹரிஹரன் போட்ட வழக்கில் 1999-லேயே உச்ச நீதிமன்றம், அப்பா இறந்தால்தான் அம்மா என்று பொருளில்லை, அவர் கவனித்துக்கொள்ளும் நிலையில் இல்லாதபோதும் அம்மா காப்பாளரே என்று சொல்லிவிட்டது. இதை ஒரு கடிதமாக எழுதி வைத்திருக்கிறேன். கேட்கிறவர்களுக்கு நகல் கொடுப்பேன். என் திண்ணைக்கு வருகிறவர்களில் அம்மாக்கள்தான் அதிகம்.

பதினாலு வயதுக்குக் கீழே என்றால் விஷயமே வேறு. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-ல் திருத்தப்பட்டபோது, கலை, விளம்பரம், விளையாட்டு இவற்றுக்கு விலக்குக் கொடுத்து, அதற்கு 2017-ல் விதிகளும் போட்டார்கள். மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணிக்கு மேல் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளை பேரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் ஃபிக்ஸட் டெபாசிட்டாகப் போக வேண்டும். இதைப் படித்துக் காட்டியபோது ஒரு கடைக்காரர், “ஒரு ரீல்ஸுக்கு கலெக்டர் ஆபீஸா?” என்றார். ஆமாம் என்றேன். பதினோரு வயதுப் பையனை விட்டுவிட்டார். எனக்கு அதில் சந்தோஷம்தான். பதினைந்து பதினாறுக்கு இந்த விதி இல்லை. ஆனாலும் அந்த 20 சதவீதத்தை நான் எல்லோருக்கும் எழுதச் சொல்கிறேன். பணம் வந்த வாரமே வீட்டில் ஏதாவது ஒரு அவசரம் முளைத்துவிடும்.

பணமாக வராமல் பொருளாக வருவதுதான் இங்கே அதிகம். ஷூ, டிராக் சூட், ஜிம்முக்கு ஒரு வருஷப் பாஸ். இலவசம் என்று நினைக்கிறார்கள். விளம்பரத்துக்குக் கொடுக்கும் பொருளின் மதிப்பு வருஷத்தில் 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் வரி பிடிக்கும் ஏற்பாடு 2022 ஜூலையில் வந்துவிட்டது. வருமான வரியில் பிள்ளைக்கு ஒரு நல்ல விஷயமும் உண்டு: மைனரின் வருமானத்தைப் பொதுவாகப் பெற்றோர் கணக்கில் சேர்ப்பார்கள், தன் திறமையால் சம்பாதித்ததைச் சேர்க்க மாட்டார்கள், அது பிள்ளையின் வருமானமாகவே நிற்கும். அந்தப் பணத்தை வங்கியில் போட்டு வரும் வட்டி மட்டும் பெற்றோர் கணக்குக்குப் போகும். பான் கார்டு பிள்ளை பேரிலேயே எடுத்துவிடுங்கள் என்பேன்.

எல்லாவற்றையும்விட நான் கடுமையாக மறுப்பது இரண்டு. ஒன்று, புரோட்டீன் பவுடர். ஜிம்காரர் டப்பாவைக் கையில் கொடுத்துப் படம் எடுப்பார். படம் எடுத்தவுடன் பிள்ளை அதைக் குடிக்கவும் செய்யும். உள்ளே தடை செய்யப்பட்ட மருந்து கலந்திருந்தால், “எனக்குத் தெரியாது, டப்பாவில் எழுதவில்லை” என்று சொன்னாலும் ஊக்கமருந்து விதிகள் தப்ப விடாது. உடம்புக்குள் என்ன போனாலும் பொறுப்பு வீரருடையதே. பதினேழு வயதில் தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமையான ‘நாடா’வின் சோதனையில் மாட்டினால் தடை வருஷக்கணக்கில்கூட விழலாம். இரண்டாவது, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் கேம். 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் அதை ஆடவைப்பதையும் விளம்பரப்படுத்துவதையும் குற்றமாக்கிவிட்டது. விளம்பரத்துக்கு இரண்டு வருஷம் வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். இருந்தாலும் ஏதோ ஒரு புதுப் பேரில் ஒரு லிங்க் பையன்களுக்கு வந்துகொண்டே இருக்கிறது, “இதை ஸ்டோரியில போட்டா ஆயிரம் ரூபாய்” என்று. ஆயிரம் ரூபாயைக் கண்டால் பையனுக்குச் சட்டம் தெரியாது. வீட்டுக்காரர்கள் பார்க்க வேண்டும்.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் கபடித் தங்கம் வாங்கிக்கொண்டு கண்ணகி நகர் கார்த்திகா வந்தபோது, எந்தச் சேனலைத் திருப்பினாலும் அந்தப் பெண்தான். அரசு 25 லட்சம் கொடுத்தது. எங்கள் பக்கத்துக் கபடிப் பெண்களுக்கு அந்த நாட்கள் தீபாவளி. பயிற்சிக்கு வரும் கூட்டமே கூடிவிட்டது. அதோடு கேமராக்களும் வர ஆரம்பித்தன: “பேட்டி கொடும்மா, அடுத்த கார்த்திகா நீதான்.” பேட்டி என்று சொல்லிப் பிள்ளையின் வீட்டை, கூரையை, அம்மாவின் கண்ணீரைப் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அந்த வீடியோவில் விளம்பரம் ஓடுகிறது, பணம் அவர்களுக்கு. செய்தி என்றால் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. ஆனால் எதைக் காட்டுவது என்று பிள்ளை தீர்மானிக்கலாம். மைதானத்தில் எடுங்கள், வீட்டுக்குள் வேண்டாம் என்று சொல்லலாம். இதைச் சொல்லிக் கொடுத்த பிறகு ஒரு பெண் கேமராக்காரரிடம், “அண்ணா, ரெய்டு போறதை எடுத்துக்கோங்க, சமையக்கட்டை எடுக்காதீங்க” என்றாளாம். பி.டி. சார் வந்து சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.

அமெரிக்கக் கல்லூரியில் விளையாட்டு உதவித்தொகை கிடைத்தால் அங்கே கோடி கோடியாக விளம்பரப் பணம் வருமாமே என்று கேட்கும் பிள்ளைகளும் இப்போது இருக்கிறார்கள். மாணவர் விசாவில் போகிறவர் வேலை பார்க்கக் கட்டுப்பாடு உண்டு. விளம்பரத்துக்காக ஏதாவது செய்துகொடுத்துப் பணம் வாங்கினால் விசாவுக்கே வம்பு வரலாம். அங்கே போனதும் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேட்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே என்று சொல்லி அனுப்புகிறேன்.

இப்போது என்னிடம் ஒரு பக்கத் தாள் ஒன்று தயாராக இருக்கிறது. தமிழில் ஒரு பக்கம், பின்பக்கம் அதுவே தெலுங்கில். எந்தப் படம், எங்கே, எத்தனை மாதம், எவ்வளவு பணம், பணம் வந்த தேதி, கார்டியன் கையெழுத்து, கீழே பிள்ளை தன் கையால் எழுத வேண்டிய ஒரு வரி: ‘இதை நான் படித்தேன், எனக்குப் புரிந்தது.’ அந்த வரிக்குச் சட்டத்தில் பலம் ஒன்றும் கிடையாது. எனக்கு அது வேண்டும். திருத்தணியில் சில கடைக்காரர்கள் முணுமுணுக்காமல் இந்தத் தாளிலேயே எழுதித் தருகிறார்கள். ஒரு ஸ்போர்ட்ஸ் கடைக்காரர் தானாகவே காலத்தை ஆறு மாதமாகக் குறைத்து, “அதுக்குள்ள பாப்பா நேஷனல் போயிடும், அப்ப புதுசா பேசிக்கலாம்” என்று எழுதிக்கொடுத்தார்.

இந்த வருஷம் தாளில் ஒரு வரி கூட்ட வேண்டியிருக்கிறது. படத்தையும் குரலையும் கம்ப்யூட்டரில் கொடுத்து, பிள்ளை சொல்லாததைச் சொன்னதாக, செய்யாததைச் செய்ததாக உருவாக்கக் கூடாது என்று. 2023-ல் நடிகர் அனில் கபூருக்காக டெல்லி உயர் நீதிமன்றம் இப்படித் தடை கொடுத்திருக்கிறது. அதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிற தமிழில் ஒரே வாக்கியத்தில் எழுத முயன்றுகொண்டிருக்கிறேன். தெலுங்கை அந்த ஈட்டிக்காரப் பெண் விடுமுறைக்கு வரும்போது சரிபார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். குறுவட்டப் போட்டி தொடங்குவதற்குள் அச்சுக்குக் கொடுத்துவிட வேண்டும்.